மலை வீட்டில் ஹீட்டர், கணப்பு, கீசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங், கீசர், ஹீட்டர் வேலை பார்த்து வருகிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் போன் ஓயாது. ஆள்தான் மாறுகிறார்கள், கேட்பது அதே கேள்விகள்தான். போன வாரம் மழையில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். கொடைக்கானலில் தங்கை வீடு இருக்கிறது. அங்கேயும் இதே தொல்லைகள்தான், மழை வரும் மாதம் மட்டும் கொஞ்சம் வேறு.

குளிருக்கு முன்னால் எதையெல்லாம் பார்த்து வைக்க வேண்டும்? எப்போது?

தீபாவளிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும், ஆள் கிடைக்காது. நீலகிரியில் தென்மேற்கு மழை ஓய்ந்து வடகிழக்கு மழை பிடிப்பதற்குள் சில வெயில் நாள் கிடைக்கும், அதுதான் நேரம். கொடைக்கானலில் அக்டோபரில் இருந்தே பெருமழை என்பதால் செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது. கணப்பு (சுவரில் விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸ்) இருந்தால் அதன் சிம்னி, ஹீட்டர் மாட்டுகிற பிளக் பாயின்ட், கீசரின் வால்வு, ஏசி இருந்தால் அதன் பில்டர். இவ்வளவையும் பார்த்துவிட்டு எல்லோரும் மறப்பது கதவு ஜன்னல் இடுக்கை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கேதான் உங்கள் காசு வெளியே போகிறது.

ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுகிறது, ஆனாலும் அறை சூடாகவே இல்லை. ஹீட்டர் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே கீசரும் ஹீட்டரும் போடும்போது சில தெருக்களில் 190 வரைக்கும் இறங்கிவிடும். 230 வோல்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர் 190-இல் கிட்டத்தட்ட 1,360 வாட்தான் தரும், ஏனென்றால் வோல்டேஜ் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதன் வர்க்கத்தில் சூடு குறைகிறது. மூன்றில் ஒரு பங்கு அப்படியே காணோம். ஹீட்டரை மாற்றினால் இது சரியாகாது.

இரண்டாவது, கூரை. வெள்ளைக்காரன் காலத்து பங்களாவில் பன்னிரண்டு, பதினான்கு அடி உயரம் சாதாரணம். சூடான காற்று மேலே போய் மரக்கூரைக்கு அடியில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கீழே நடுங்குவீர்கள். அந்த மாதிரி ஹாலை முழுசாகச் சூடாக்க நினைக்காதீர்கள், படுக்கிற சின்ன அறையை மட்டும் பாருங்கள், கதவுக்கு அடியில் மணல் போட்டுத் தைத்த துணிச் சுருளை வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், ஈரம். மலையில் நாம் சண்டை போடுவது பாதி குளிரோடு, பாதி ஈரத்தோடு. சுவர், மெத்தை, கம்பளி எல்லாம் ஊறிப்போயிருந்தால், ஹீட்டர் தரும் சூடு முதலில் அந்த ஈரத்தைக் காயவைக்கத்தான் செலவாகும். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்த ஹீட்டர் வாங்குவது?

கம்பி சிவக்கும் குவார்ட்ஸ், ஹாலஜன் வகை எதிரே இருக்கிற ஆளைச் சூடாக்கும், அறையை அல்ல. அரை மணி நேரம் உட்கார்ந்து படிக்க, டிவி பார்க்க அது போதும். காற்றை ஊதும் வகை சின்ன அறையைச் சீக்கிரம் சூடாக்கும், நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் பழைய கதை. ராத்திரி தூங்கும் அறைக்கு, குழந்தையோ வயசானவர்களோ இருக்கும் அறைக்கு, ஆயில் ஹீட்டர்தான். சூடாக நேரம் எடுக்கும், ஆனால் சிவந்த கம்பி இல்லை, சத்தம் இல்லை, நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். மற்றபடி மூன்றுமே ஒரு யூனிட் கரண்டுக்குத் தரும் சூடு ஒன்றுதான். கடையில் "இது கரண்ட் கம்மியா இழுக்கும் சார்" என்று சொன்னால் சிரித்துவிட்டு விலையை மட்டும் பேசுங்கள்.

ஆயில் ஹீட்டரில் எண்ணெய் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

மாற்றவே வேண்டாம். அது எரிகிற எண்ணெய் இல்லை, உள்ளே மூடி அடைத்து வைத்தது, சூட்டைத் தாங்கிக்கொண்டு சுற்றி வருவதற்காக மட்டும். தரையில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் அந்த ஹீட்டரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஒட்டவைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அதேபோல் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி ஒரு மணி நேரமாவது விட்டுப் போடுங்கள், எண்ணெய் கீழே இறங்கிக் கம்பியை மூட வேண்டும்.

சீசனில் முதல் தடவை போட்டதும் கருகிய வாடை வருகிறதே?

எட்டு மாதத் தூசி கருகுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் ஓட்டுங்கள், போய்விடும். அதற்கு முன்னாலேயே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்குத் தூசியைத் தட்டியிருந்தால் வாடையே வந்திருக்காது. ஆனால் பிளாஸ்டிக் உருகுகிற மாதிரியோ மீன் நாற்றம் மாதிரியோ வந்தால் அது தூசி இல்லை. உடனே நிறுத்திவிட்டு அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

பிளக் சூடாகிறது, கொஞ்சம் கறுத்தும் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. 2,000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை மொபைல் சார்ஜர் போடும் 6 ஆம்பியர் பாயின்டில், அதுவும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக மாட்டினால் சூடாகாமல் என்ன செய்யும்? ஒரு ஹோம் ஸ்டேயில், பெயர் வேண்டாம், மூன்று ஹீட்டரை ஒரே பாக்ஸில் மாட்டியிருந்தார்கள். நான் போகும்போது பாக்ஸ் உருகிக் கார்ப்பெட்டோடு ஒட்டிப்போயிருந்தது, பக்கத்து அறையில் விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், நேராகச் சுவரில், குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். 4 போட்டால் நிம்மதி. பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் ஓடும் அலுமினிய வயரோ, துணி சுற்றிய வயரோ இன்னும் இருக்கிறது, அதில் ஹீட்டர் கனவிலும் கூடாது. எர்த் குழியையும் பாருங்கள். ஜனவரி தொடங்கி மழை வரும் வரைக்கும் பாறை மண் காய்ந்துவிடும், அப்போதுதான் ஹீட்டரும் ஓடுகிறது. வாரம் ஒரு முறை அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசர் போட்டுத் தர நான் இப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

கணக்கு எளிது. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் ஹீட்டர் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 600 யூனிட். சூட்டைப் பார்த்துத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்துவிட்டால் 300. நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு, 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்களுக்கும் சேர்த்து விலை மாறிவிடும் என்பதால், 490-இல் நிற்பவருக்கும் 510-இல் நிற்பவருக்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு மாதம் போனதும் மீட்டரை நீங்களே ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

ரூம் ஹீட்டர் அறையில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும் என்கிறார்களே?

கரண்ட் ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, அதனால் தின்பதும் இல்லை. காற்று சூடாகும்போது வறண்ட மாதிரி ஆகிறது, தொண்டை காய்கிறது, மூக்கு எரிகிறது, அதை மூச்சு முட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், போதும்.

ஆனால் எரிகிற எதுவானாலும் கதையே வேறு. கரி அடுப்பு, குமுட்டி, பார்பிக்யூ, கேஸ் ஹீட்டர் எல்லாமே. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கண்ணைச் சொருகும், அப்படியே தூக்கம், அவ்வளவுதான். புகை அடங்கிவிட்டது, தணல் மட்டும்தானே என்று அறைக்குள் எடுத்து வைப்பார்கள் பாருங்கள், அந்தத் தணல்தான் ஆளைக் கொல்வது. மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்தி அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கிறது. கேம்ப் ஃபயர் வெளியே, தணலும் வெளியே. பேரம் கிடையாது.

கணப்பில் தீ மூட்டினால் புகை எல்லாம் அறைக்குள்ளேயே வருகிறது.

நிறைய காரணம் உண்டு, வரிசையாகப் பாருங்கள். சிம்னிக்குள் இருக்கும் மூடிப் பலகை திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதிப் பேர் அதைத்தான் மறப்பார்கள். அடுத்து, குளிர்ந்த சிம்னிக்குள் கனமான குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும், புகையால் அதைத் தள்ள முடியாது. விறகுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் கையை உயர்த்திச் சிம்னி வாயில் பிடியுங்கள், ஒரு நிமிஷத்தில் "உஸ்" என்று மேலே இழுக்கும், அப்புறம் விறகைப் பற்றவையுங்கள். நான் மேலே சொன்னபடி எல்லா இடுக்கையும் அடைத்திருந்தால் ஒரு ஜன்னலை விரல் அளவு திறக்க வேண்டும், ஏனென்றால் மேலே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் மேலே குருவிக்கூடோ தேன்கூடோ இருக்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் நட்ட மரம் கூரையைத் தாண்டி வளர்ந்து, காற்று புரண்டு சிம்னிக்குள் இறங்கும். அதற்குச் சிம்னிக்கு மேல் தொப்பி போட வேண்டும்.

எந்த விறகு நல்லது? சிம்னியை எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது?

சீகை (வாட்டில் மரம்) விறகுக்கு இணை இல்லை. நின்று எரியும், தணல் நன்றாகப் பிடிக்கும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நல்ல சூடு தரும், ஆனால் பச்சையாக எரித்தால் எண்ணெயும் புகையும் தாங்காது, காய்ந்த பிறகு பிளக்கலாம் என்று விட்டால் கோடரி தெறிக்கும், அதனால் ஈரமாக இருக்கும்போதே பிளந்து அடுக்குங்கள். பைன் பற்றவைக்க மட்டும். எதுவானாலும் மழை படாமல் காற்றோட்டமாக ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் காய வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், "டங்" என்றால் காய்ந்தது, "தப்" என்றால் காயவில்லை. சோலை (மலையின் இயற்கைக் காடு) மரத்தில் கை வைக்காதீர்கள். சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் இங்கே 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெட்டினால் வழக்கு வரும்.

ஈர விறகின் புகை குளிர்ந்த சிம்னிச் சுவரில் பட்டுத் தார் மாதிரி படியும். அது தடித்துப் போய் ஒரு நாள் தீப்பிடித்தால் சிம்னிக்குள் லாரி போகிற மாதிரி இரைச்சல் கேட்கும். கேட்டால் தீயின் மேல் மணலைக் கொட்டுங்கள், எல்லோரும் வெளியே வந்து 101-க்குப் போன் செய்யுங்கள். சூடான சிம்னிக்குள் தண்ணீர் ஊற்றினால் கல் வெடிக்கும். தினமும் எரிப்பவர்கள் வருடம் ஒரு முறை கண்டிப்பாகச் சுரண்ட வேண்டும். கூரையில் இருந்து கயிற்றில் கனமான குண்டும் கம்பி பிரஷும் கட்டி இறக்கி ஏற்றுவதுதான் வேலை. கீழே கணப்பு வாயை ஈரச்சாக்கால் மூடாமல் செய்தால் அன்றைக்கு வீட்டம்மாவிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள், ஒரு நாள் கழித்தும் உள்ளே நெருப்பு இருக்கும். கேரட், பீன்ஸ் பாத்திக்குப் போடலாம், தேயிலைக்கு வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வாங்கினோம். திடீரென்று பத்து நிமிஷம் நின்றுவிடுகிறது, வெளியே இருக்கும் பெட்டியில் ஆவி வருகிறது!

பயப்படாதீர்கள், அது பனி உருக்குகிறது. சூடு தரும்போது இந்த ஏசி வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளுகிறது, அதனால் வெளிப்பெட்டியின் சுருள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். ஈரமான மூடுபனியில், நான்கைந்து டிகிரியில், அந்தச் சுருள் மேல் ஐஸ் படியும். அதை உருக்கக் கொஞ்ச நேரம் திருப்பி ஓட்டிக்கொள்ளும், தண்ணீரும் ஒழுகும். நம்மூர் ஈரத்துக்கு இது அடிக்கடி நடக்கத்தான் செய்யும்.

நல்ல விஷயம் என்னவென்றால், ஒரு யூனிட் கரண்டில் இது இரண்டு மூன்று யூனிட் சூட்டைக் கொண்டுவரும், ஹீட்டரால் அது முடியாது. ராத்திரி ரொம்பக் குளிரும்போதும், உயரத்தில் காற்று மெலிந்திருப்பதாலும் கடலோரத்தில் தருகிற அளவுக்குத் தராது, அதனால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். சமவெளியில் விற்கும் சாதாரண ஏசி குளிரூட்ட மட்டும்தான். சென்னையில் பழையதைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டச் சொன்னவர்கள் உண்டு.

பராமரிப்பு: உள் பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெளிப்பெட்டியைத் தரையில் இருந்து ஒரு அடி தூக்கி வையுங்கள், முன்னால் செடி வைக்காதீர்கள், சாக்குப் போட்டு மூடி ஓட்டாதீர்கள். எலி வயரைக் கடிக்கும், பல்லி போர்டில் புகுந்து செத்துக் கிடக்கும், துளைகளை அடையுங்கள்.

வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறாரே மெக்கானிக்?

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்வதில்லை, குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். என் தங்கை வீட்டிலேயே ஒருவர் மூன்று வருடம் தொடர்ந்து காசு வாங்கிப் போயிருக்கிறார், கடைசியில் பார்த்தால் ஒரு நட்டு இறுக்கப்படாமல் இருந்தது, சோப்பு நுரை தடவினால் தெரிகிற விஷயம். அண்ணன் இதே தொழில், எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், போடவில்லை. சரி விடுங்கள்.

மலையில் குளிரூட்ட ஏசி தேவையா?

2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி போனதில் இருந்து இந்தக் கேள்வி வருகிறது. என் கருத்து: தேவையில்லை. தகரக்கூரை வீடாக இருந்தால் கூரைக்கு வெள்ளை அடித்து, அடியில் பலகைக் கூரை போடுங்கள், மே மாதத்தில் வெப்பமும் உள்ளே இறங்காது, ஜனவரியில் சூடும் வெளியே போகாது. ஒரு ஃபேன் போதும்.

கீசரில் மேலே இருக்கும் வால்வு சொட்டுகிறது.

தண்ணீர் சூடாகும்போது விரியும், அந்த விரிவு வெளியேறும் வழி அது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் சரி, எந்நேரமும் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். சொட்டுகிறதே என்று கட்டை அடித்து மூடுகிறவர்கள் குளியலறைக்குள் குண்டு வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் சமவெளி போர்வெல் மாதிரி கம்பியில் கட்டி தட்டாது. ஆனாலும் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், தொட்டிக்குப் பதிலாக அது கரைந்துபோகும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்த்து மாற்றுங்கள். கேஸ் கீசர் வைப்பதானால் குளியலறைக்கு வெளியே மட்டும்.

சோலார் ஹீட்டர் குழாய் வெடித்துவிட்டது. ஜீரோ டிகிரிகூட இல்லையே அன்றைக்கு?

உறைபனி விழும் ராத்திரியில் வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது. கூரை மேல் வெயிலை வாங்கும் தட்டு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், காற்று இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே அதற்குள் தண்ணீர் உறையலாம். உறைந்தால் விரியும், செம்புக்குழாய் கிழியும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்குத் தட்டு வகை வேண்டாம், இரட்டைக் கண்ணாடிக் குழாய் வகை போடுங்கள். இணைக்கும் குழாய்களுக்கு நுரை உறை சுற்றுங்கள்.

சுவரெல்லாம் பூசணம், துணியெல்லாம் நசநச. இதற்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். அறையைச் சூடாக்கிவிட்டு நிறுத்தினால் அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் போய் வேர்த்து நிற்கும், பீரோவுக்குப் பின்னால் பூசணம் பூக்கும். பீரோவைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டு ஹீட்டர் போடாதீர்கள், துணியில் இருக்கும் அத்தனை தண்ணீரும் சுவருக்குத்தான் போகும். வெயில் அடிக்கிற நாளில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவதானால், கம்ப்ரஸர் வகை குளிர்ந்த அறையில் சோம்பும், குளிர்ந்த வீட்டுக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருள் உள்ளே வைத்த டெசிகன்ட் வகைதான் சரி.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம், வருடத்தில் இரண்டு முறைதான் வருவோம்.

போகும்போது கீசர் மெயினை அணைத்துத் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். கணப்பின் மூடிப் பலகையைச் சாத்துங்கள், இல்லையென்றால் அணில் குடியேறும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ அண்ணனோ இருந்தால் வாரம் ஒரு நாள் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆயில் ஹீட்டரைப் போடச் சொன்னால், வந்த ராத்திரி ஈர மெத்தையில் படுக்க வேண்டியிருக்காது.

ஹீட்டர் மேல் சாக்ஸ் காயப்போடலாமா?

கூடாது. சட்டையும் கூடாது. பூனை முன்னால் படுத்துக்கொண்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது.